பெட்ரோ மார்டினெஸின் 1.74: பிட்சரின் எண்களை லீக் சராசரியோடு ஒப்பிடுவது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேஸ்பாலில் ஒரு பிட்சர் (பந்து வீசுபவர்) எவ்வளவு பெரிய ஆள் என்று கேட்டால், உடனே ஒரு எண்ணைத்தான் சொல்வார்கள். அந்த எண் எந்த ஆண்டு, எந்த மைதானத்தில், எந்த லீக்கில் வந்தது என்று யாரும் சொல்வதில்லை. அது தெரியாமல் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வது? இந்தப் பக்கம் முழுக்க அதைப் பற்றித்தான். உதாரணத்துக்கு அதிகமாக வருபவர் டொமினிக்கன் குடியரசைச் சேர்ந்த பெட்ரோ மார்டினெஸ். எனக்கு மிகவும் பிடித்தவர், அதை மறைக்கப் போவதில்லை. ஆனால் கணக்கைக் கணக்காகவே போட்டிருக்கிறேன்.

ஈ.ஆர்.ஏ. என்றால் என்ன? நானே கணக்கிட முடியுமா?

ஒரு பிட்சர் ஒன்பது இன்னிங்ஸ், அதாவது ஒரு முழு ஆட்டம், வீசினால் சராசரியாக எத்தனை ரன் கொடுப்பார் என்பதுதான் ஈ.ஆர்.ஏ. ஃபீல்டர் பந்தைத் தவறவிட்டதால் வந்த ரன்கள் இதில் சேராது. பிட்சர் தலையில் எழுத வேண்டிய ரன்கள் மட்டும்தான். குறைவாக இருந்தால் நல்லது.

2000-ஆம் ஆண்டு பாஸ்டன் ரெட் சாக்ஸுக்காக பெட்ரோ 217 இன்னிங்ஸ் வீசி 42 ரன் கொடுத்தார். 42-ஐ 9-ஆல் பெருக்கினால் 378. அதை 217-ஆல் வகுத்தால் 1.74. அவ்வளவுதான்.

ஒரு இடத்தில் மட்டும் கவனம் தேவை. புள்ளிவிவரப் பட்டியலில் 213.1 என்று இருந்தால் அது தசமம் அல்ல. 213 இன்னிங்ஸும் ஒரு அவுட்டும் என்று பொருள். ஒரு இன்னிங்ஸுக்கு மூன்று அவுட் என்பதால் அது 213-உம் மூன்றில் ஒரு பங்கும். கிரிக்கெட்டில் 4.3 ஓவர் என்றால் நாலு ஓவரும் மூன்று பந்தும் என்று நாம் படிப்பதில்லையா, அதே மாதிரிதான்.

1.74 பெரிய சாதனையா? பாப் கிப்சன் 1968-இல் 1.12 எடுத்தாரே?

எடுத்தார். செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸுக்காக 304.2 இன்னிங்ஸ் வீசி, 13 ஆட்டங்களில் எதிரணிக்கு ஒரு ரன்கூடக் கொடுக்காமல் முடித்தார். அந்த ஆட்டத்தைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. ஆனால் 1968 எப்படிப்பட்ட ஆண்டு என்று பாருங்கள். அமெரிக்கன் லீக்கில் (மேஜர் லீக்குகள் எனப்படும் உயர்மட்ட லீக்குகள் இரண்டில் இது ஒன்று, மற்றது நேஷனல் லீக்) பேட்டிங் பட்டம் வென்ற கார்ல் யாஸ்ட்ரெம்ஸ்கியின் சராசரி வெறும் .301, அதாவது ஆயிரம் முயற்சிக்கு 301 ஹிட். வேறு ஆண்டாக இருந்தால் அந்த எண்ணுக்குப் பட்டம் கிடைத்திருக்காது. பிட்சர் டென்னி மெக்லெயின் 31 வெற்றி பெற்றதும் அதே ஆண்டுதான். பேட்டர்கள் இப்படித் திணறியதைப் பார்த்து, அடுத்த ஆண்டே பிட்சர் நின்று வீசும் மேட்டின் உயரத்தை 15 அங்குலத்திலிருந்து 10 அங்குலமாகக் குறைத்துவிட்டார்கள். ஸ்ட்ரைக் எல்லையையும் (பேட்டர் அடித்திருக்க வேண்டிய பந்து என்று நடுவர் எண்ணும் பரப்பு) சுருக்கினார்கள். விதியையே மாற்ற வேண்டிய அளவுக்கு அது பிட்சர்களின் ஆண்டு.

கிப்சன் ஆடிய நேஷனல் லீக்கின் சராசரி ஈ.ஆர்.ஏ. அந்த ஆண்டு 2.99. அதாவது நடுத்தரமான பிட்சர்கூட மூன்றுக்குள் முடித்துவிடுவார்.

சரி, இப்போது 2000-க்கு வாருங்கள். அந்த சீசனில் மேஜர் லீக்குகளில் மொத்தம் 5,693 ஹோம் ரன்கள் (கிரிக்கெட்டின் சிக்சர் மாதிரி வேலியைத் தாண்டும் அடி). அதுவரை யாரும் பார்க்காத எண்ணிக்கை. 1993-இலும் 1998-இலும் புதிய அணிகள் சேர்ந்து பிட்சிங் பலம் கரைந்திருந்தது. ஊக்கமருந்துக்குத் தண்டனையோடு கூடிய சோதனை அப்போது கிடையாது. அமெரிக்கன் லீக்கின் சராசரி 4.91. அந்த லீக்கில்தான் பெட்ரோ 1.74-இல் நின்றார். இரண்டாம் இடத்தில் ரோஜர் கிளெமென்ஸ், 3.70. முதலிடத்துக்கும் இரண்டாமிடத்துக்கும் நடுவில் ஏறக்குறைய இரண்டு ரன்.

லீக் சராசரியிலிருந்து கிப்சன் 1.87 ரன் கீழே இருந்தார். பெட்ரோ 3.17 ரன் கீழே. 1.12 சிறிய எண்தான், ஆனால் 1.74 ரொம்ப ஆழத்தில் இருக்கிறது.

ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் என்று ஒன்று சொல்கிறார்களே, அது என்ன?

மேலே செய்ததையே ஒழுங்காகச் செய்யும் கணக்கு அது. லீக் சராசரியை பிட்சரின் ஈ.ஆர்.ஏ.-வால் வகுத்து 100-ஆல் பெருக்க வேண்டும். அப்புறம் அவர் ஆடிய சொந்த மைதானத்துக்கு ஏற்ற திருத்தம். 100 வந்தால் சராசரி. அதற்கு மேலே போகப் போக நல்லது.

பெட்ரோவுக்குப் போட்டுப் பார்ப்போம். 4.91-ஐ 1.74-ஆல் வகுத்து நூறால் பெருக்கினால் 282. பதிவில் இருப்பதோ 291. நடுவில் உள்ள அந்த ஒன்பது புள்ளிதான் ரெட் சாக்ஸின் சொந்த மைதானமான ஃபென்வே பார்க். இடது பக்கம் 37 அடி உயரப் பச்சைச் சுவர், ஆனால் அது நிற்கும் தூரம் ஏறத்தாழ 310 அடிதான். வேறு மைதானத்தில் கேட்சாகும் பந்து அங்கே சுவரில் பட்டு டபுளாக, அதாவது இரண்டு பேஸ் ஓடும் அடியாக, மாறும். அந்த ஆண்டுகளில் ரன் எடுக்க வசதியாக இருந்த அந்த இடத்தில் இந்த எண்களை எடுத்ததற்கான மரியாதை அது.

கிப்சனின் 1968-க்கு இதே கணக்கு 267-இல் தொடங்கி, மைதானத் திருத்தத்துக்குப் பிறகு 258 ஆகிறது. 1900-க்குப் பிறகு ஒரு சீசனுக்கான தகுதி இன்னிங்ஸை வீசியவர்களில் 291-ஐத் தொட்டவர் பெட்ரோ தவிர வேறு யாரும் இல்லை. கிரெக் மேடக்ஸ் 1994-இல் 271, 1995-இல் 260 என்று பக்கத்தில் வந்தார். அந்த இரண்டும் வீரர்களின் வேலைநிறுத்தத்தால் சுருங்கிய சீசன்கள்.

மைதானம் அவ்வளவு பெரிய வித்தியாசம் செய்யுமா?

செய்யும். கொலராடோவின் கூர்ஸ் ஃபீல்டு கடல் மட்டத்திலிருந்து ஏறத்தாழ ஒரு மைல் உயரத்தில் இருக்கிறது. காற்று மெலிந்திருப்பதால் அடித்த பந்து அதிக தூரம் போகும். வீசிய பந்து நினைத்தபடி வளையாது. பந்துகள் காய்ந்துபோகாமல் இருக்க 2002 முதல் ஈரப்பத அறையில் வைத்துத்தான் எடுத்து வருகிறார்கள். அங்கே 2010-இல் உபால்டோ ஹிமெனெஸ் 2.88 எடுத்தார். எண்ணைத் தனியாகப் பார்த்தால் நல்ல சீசன், அவ்வளவுதான் என்று தோன்றும். ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 161 என்கிறது.

நியூயார்க் ஜயன்ட்ஸின் கிறிஸ்டி மேத்யூசன் 1908-இல் எடுத்த 1.43-க்கு 168. இரண்டுக்கும் நடுவில் ஏழே புள்ளிதான். ரன்னே வராத காலத்தின் 1.43-உம், மலை மேல் எடுத்த 2.88-உம் கிட்டத்தட்ட ஒரே உயரம் என்று முதல்முறை பார்த்தபோது நான் திரும்பவும் ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 200 என்றால் சராசரி பிட்சரைவிட இரண்டு மடங்கு நல்லவர் என்று சொல்லலாமா?

அவர் கொடுக்கும் ரன் சராசரியில் பாதி என்று சொல்லுங்கள், சரியாக இருக்கும். 150 என்றால் பலரும் "ஐம்பது சதவீதம் குறைவாக ரன் கொடுத்தார்" என்று எழுதிவிடுகிறார்கள். அது தவறு. 100-ஐ 150-ஆல் வகுத்தால் 0.67. அதாவது சராசரியில் மூன்றில் இரண்டு பங்கு கொடுத்தார், மூன்றில் ஒரு பங்கு குறைவு. பெட்ரோவின் 291-க்கு வகுத்தால் 0.34. மற்றவர்கள் மூன்று ரன் கொடுக்கும் இடத்தில் இவர் ஒன்று கொடுத்தார்.

ஒரு சீசன் சரி. முழு வாழ்க்கைக்கும் எந்த லீக் சராசரியோடு ஒப்பிடுவது?

இங்கேதான் பலர் சறுக்குகிறார்கள். ஒவ்வொரு ஆண்டின் ஈ.ஆர்.ஏ. ப்ளஸையும் கூட்டி ஆண்டுகளின் எண்ணிக்கையால் வகுப்பது தவறு. பெட்ரோ 1992-இல் லாஸ் ஏஞ்சலஸ் டாட்ஜர்ஸுக்காக வீசியது வெறும் 8 இன்னிங்ஸ். அந்த எட்டுக்கும் 2000-இன் 217-க்கும் ஒரே எடை கொடுத்தால் என்ன நியாயம்?

ஒவ்வொரு ஆண்டின் லீக் சராசரிக்கும் அந்த ஆண்டு அவர் வீசிய இன்னிங்ஸ் அளவுக்கு எடை கொடுக்க வேண்டும். பெட்ரோ டாட்ஜர்ஸ், மான்ட்ரியல் எக்ஸ்போஸ், ரெட் சாக்ஸ், நியூயார்க் மெட்ஸ், ஃபிலடெல்ஃபியா ஃபிலிஸ் என்று ஐந்து அணிகளில், இரண்டு லீக்குகளிலும் ஆடியவர். லீக் மாறினால் சராசரியும் மாறும். அமெரிக்கன் லீக்கில் 1973 முதலே பிட்சருக்குப் பதில் பேட் செய்ய மட்டும் ஒருவரை இறக்கலாம். நேஷனல் லீக்கில் அந்த விதி நிரந்தரமானது 2022-இல்தான். அதுவரை, 2020 தவிர, அங்கே பிட்சர்களே பேட் பிடித்தார்கள், அதனால் ரன்னும் சற்றுக் குறைவு. இதையெல்லாம் ஆண்டுவாரியாகச் சேர்த்தால்தான் ஒப்பீடு நியாயமாக இருக்கும்.

அப்படிச் சேர்த்தால் பெட்ரோவின் மொத்தக் கணக்கு: 2827.1 இன்னிங்ஸ், 219 வெற்றி, 100 தோல்வி, 2.93 ஈ.ஆர்.ஏ., ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 154. இதைத் திருப்பிப் போட்டால், அவர் ஆடிய ஆண்டுகளிலும் மைதானங்களிலும் ஒரு சராசரி பிட்சரின் ஈ.ஆர்.ஏ. ஏறத்தாழ 4.51 ஆக இருந்திருக்கும்.

நீண்ட காலம் ஆடியவரையும் குறுகிய காலம் ஆடியவரையும் எப்படி ஒப்பிடுவது?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் தரத்தை மட்டும்தான் சொல்லும், அளவைச் சொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பார்க்க எளிய வழி ஒன்று இருக்கிறது. சராசரி பிட்சர் அதே இன்னிங்ஸை வீசியிருந்தால் எத்தனை ரன் கொடுத்திருப்பார், இவர் அதில் எத்தனையைத் தடுத்தார் என்று கணக்கிடுங்கள்.

பெட்ரோவுக்கு: 4.51-இலிருந்து 2.93 போக 1.58. அதை 2827-ஆல் பெருக்கி 9-ஆல் வகுத்தால் சுமார் 496 ரன்.

மேடக்ஸின் ஈ.ஆர்.ஏ. 3.16, ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 132. தரத்தில் பெட்ரோவுக்கு வெகுதூரம் கீழே. ஆனால் வீசியது 5008.1 இன்னிங்ஸ். அவர் தடுத்தது சுமார் 562 ரன். தரத்தில் பெட்ரோ, மொத்தத்தில் மேடக்ஸ். யார் பெரியவர் என்ற சண்டையில் பாதி இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதால் வருவதுதான்.

இன்னொரு ஜோடியைப் பாருங்கள். சாண்டி கூஃபாக்ஸ்: 2324.1 இன்னிங்ஸ், 2.76, ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 131. முழங்கை வலியால் 30 வயதிலேயே விலகியவர். நோலன் ரயன்: 5386 இன்னிங்ஸ், 3.19, ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 112. 27 சீசன் ஆடியவர். ஒருவர் மின்னல் மாதிரி வந்து போனவர், மற்றவர் விடாமல் பெய்த மழை. தடுத்த ரன்கள்? கூஃபாக்ஸுக்குச் சுமார் 222, ரயனுக்குச் சுமார் 227. ஐந்து ரன்தான் வித்தியாசம். இந்தக் கணக்கில் வட்டமாக்கிய எண்களைத்தான் பயன்படுத்தியிருக்கிறேன் என்பதால் அந்த ஐந்தையும் பெரிதாக எடுக்க வேண்டாம். இருவரும் சமம்.

மரியானோ ரிவேராவின் ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 205 ஆயிற்றே. அப்படியானால் அவர்தானே முதலிடம்?

தரத்தில் ஆம். 1000 இன்னிங்ஸுக்கு மேல் வீசியவர்களில் அவரைவிட உயர்ந்த எண் யாருக்கும் இல்லை. ஆனால் அவர் ஆட்டத்தின் கடைசியில் இறங்கி ஒரு இன்னிங்ஸ் வீசுபவர். முழு பலத்தையும் அந்தப் பதினைந்து இருபது பந்துகளில் கொட்டலாம். ஒரே பேட்டரை ஒரே நாளில் மூன்றாவது முறை சந்திக்க வேண்டிய தொல்லையும் இல்லை. தொடக்க பிட்சருக்கு அந்த வசதி கிடையாது. 1283.2 இன்னிங்ஸில் அவர் தடுத்தது சுமார் 331 ரன். இப்படி இடையில் இறங்கும் ரிலீவர்களை ரிலீவர்களோடு ஒப்பிடுவதே முறை.

ஸ்ட்ரைக்அவுட்டுக்கும் லீக் சராசரி பார்க்க வேண்டுமா?

கட்டாயம். மூன்று ஸ்ட்ரைக்கில் பேட்டரை அவுட்டாக்குவதுதான் ஸ்ட்ரைக்அவுட். ஈ.ஆர்.ஏ.-வைவிட இங்கே ஏமாற்றம் அதிகம்.

புரூக்ளினுக்காக ஆடிய டாஸி வான்ஸ் 1924-இல் 262 ஸ்ட்ரைக்அவுட் எடுத்தார். நேஷனல் லீக்கில் இரண்டாம் இடம் அவருடைய அணியின் பர்லி கிரைம்ஸ், 135. மூன்றாம் இடத்தில் இருந்தவர் நூறைக்கூடத் தொடவில்லை. வான்ஸ் வீசிய 308.1 இன்னிங்ஸுக்கு வகுத்தால் ஒன்பது இன்னிங்ஸுக்கு 7.6. 2019-இல் ஓர் அணி ஒரு ஆட்டத்தில் சராசரியாக எடுத்த ஸ்ட்ரைக்அவுட்டே 8.8. வெறும் எண்ணை வைத்தால் வான்ஸ் இன்றைய சராசரிக்கும் கீழே. அவருடைய காலத்திலோ லீக் சராசரி மூன்றைக்கூட எட்டாது. தன் காலத்துச் சராசரியைப் போல இரண்டரை மடங்கு எடுத்த மனிதரை எந்தப் பட்டியலில் கீழே தள்ள முடியும்?

வெற்றி தோல்விக் கணக்கு?

அதை லீக் சராசரியோடு ஒப்பிட்டு எந்தப் பயனும் இல்லை. 1987-இல் ரயன் நேஷனல் லீக்கிலேயே குறைந்த ஈ.ஆர்.ஏ. (2.76), அதிக ஸ்ட்ரைக்அவுட் (270) இரண்டும் எடுத்தார். கிடைத்தது 8 வெற்றி, 16 தோல்வி. அவருடைய பேட்டர்கள் ரன் எடுக்கவில்லை, வேறொன்றும் இல்லை. 2018-இல் ஜேக்கப் டிகிராம் 10 வெற்றியோடு, ஆண்டின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியபோது வாக்களிப்பவர்களும் இதைப் புரிந்துகொண்டுவிட்டார்கள் என்று மனம் நிறைந்தது.

பெட்ரோவின் சிறந்த ஆண்டு 2000 தானா? சிலர் 1999 என்கிறார்களே?

அவர்கள் சொல்வதில் நிறைய நியாயம் இருக்கிறது. கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம்.

1999: 23 வெற்றி, 4 தோல்வி, 2.07, ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 243. 2000: 18 வெற்றி, 6 தோல்வி, 1.74, 291. இதை மட்டும் வைத்தால் 2000 தான்.

ஆனால் ஈ.ஆர்.ஏ.-வில் ஃபீல்டர்களின் கையும் அதிர்ஷ்டமும் கலந்திருக்கிறது. பிட்சரின் கையில் முழுதாக இருப்பவை ஸ்ட்ரைக்அவுட், வாக் (நான்கு தவறான பந்துகளால் பேட்டருக்குக் கிடைக்கும் இலவச பேஸ்), பேட்டர் மேல் பட்ட பந்து, ஹோம் ரன் ஆகியவைதான். அடித்த பந்து மைதானத்துக்குள் விழுந்தால் அது ஹிட்டா கேட்சா என்பதில் பிட்சரின் பங்கு நாம் நினைப்பதைவிட மிகக் குறைவு என்று 2001-இல் வோரோஸ் மெக்ராக்கன் எழுதியபோது பெரிய விவாதமே நடந்தது. அந்த வழியில் வந்த அளவுதான் ஃபிப். அந்த நான்கு எண்களையும் வைத்து ஈ.ஆர்.ஏ. மாதிரியே ஒரு எண்ணைத் தரும்.

1999-இல் பெட்ரோ 313 ஸ்ட்ரைக்அவுட், 37 வாக், 213.1 இன்னிங்ஸில் 9 ஹோம் ரன் மட்டும். ஃபிப் 1.39. 2000-இல் 284 ஸ்ட்ரைக்அவுட், 32 வாக், 17 ஹோம் ரன். ஃபிப் 2.17. கணக்கு அப்படியே தலைகீழாகிவிட்டது!

காரணம் எங்கே என்றால், மைதானத்துக்குள் விழுந்த பந்துகளில். அப்படி விழும் பந்துகளில் வழக்கமாக நூற்றுக்கு முப்பது ஹிட்டாகும். 1999-இல் பெட்ரோவுக்கு எதிராக 32-க்கு மேல் ஆனது. 2000-இல் 24-க்கும் கீழே. முதல் ஆண்டில் அதிர்ஷ்டம் அவருக்கு எதிராக நின்றும் 2.07 எடுத்திருக்கிறார்.

1999-ஐ எண்ணாக மட்டும் பார்க்கவும் எனக்கு மனம் வரவில்லை. அந்த ஜூலை 13 அன்று ஃபென்வே பார்க்கில் இரு லீக்குகளின் நட்சத்திரங்கள் மோதும் ஆல்-ஸ்டார் ஆட்டம். பேரி லார்கின், லாரி வாக்கர், சாமி சோசா, மார்க் மெக்வயர் என்று வரிசையாக நாலு பேர், நாலும் ஸ்ட்ரைக்அவுட். சோசாவும் மெக்வயரும் முந்தைய ஆண்டு 66, 70 என்று ஹோம் ரன் அடித்தவர்கள். செப்டம்பர் 10 அன்று யாங்கி ஸ்டேடியத்தில் சில்லி டேவிஸ் அடித்த ஒரு ஹோம் ரன்னைத் தவிர வேறு ஹிட்டே கொடுக்காமல் 17 ஸ்ட்ரைக்அவுட். லீக் சராசரி 4.86 ஆக இருந்த ஆண்டில் இது நடந்தது.

என் தீர்ப்பு கேட்டால்: நடந்ததை வைத்துப் பார்த்தால் 2000, வீசிய திறனை வைத்துப் பார்த்தால் 1999. எனக்கு 1999.

லீக் சராசரியே ஏமாற்றுமா?

ஏமாற்றும். சராசரி என்பது அந்த லீக்கில் ஆடிய மனிதர்களின் சராசரி. 1947-இல் ஜாக்கி ராபின்சன் வரும்வரை இருபதாம் நூற்றாண்டின் மேஜர் லீக்குகளில் கறுப்பின வீரர்களுக்கு இடமே இல்லை. அந்தக் கால எண்களைப் படிக்கும்போது யாரெல்லாம் அந்தச் சராசரிக்குள் அனுமதிக்கப்படவில்லை என்பதையும் நினைக்க வேண்டும். வால்டர் ஜான்சனின் ஈ.ஆர்.ஏ. ப்ளஸ் 147 மகத்தானதுதான். ஆனால் அவர் சந்திக்காத பேட்டர்கள் இருந்தார்கள்.

இரண்டாம் உலகப் போரின்போது நட்சத்திரங்கள் பலர் ராணுவத்தில் இருந்தார்கள். டெட்ராய்ட்டின் ஹால் நியூஹவுசர் 1945-இல் 1.81 எடுத்தபோது, எதிரில் ஆள் இல்லாததால் வந்தது என்று பேசினார்கள். 1946-இல் எல்லோரும் திரும்பி வந்தார்கள். அவர் 26 வெற்றி, 1.94. பேச்சு நின்றது.

கடைசிக் காலத்து மோசமான ஆண்டுகளை நீக்கிவிட்டு ஒப்பிடலாமா?

உச்சத்தைப் பார்ப்பதற்காக என்றால் தாராளமாக, சொல்லிவிட்டுச் செய்யுங்கள். 2005 முடிவில் பெட்ரோவின் ஈ.ஆர்.ஏ. 2.72. அப்புறம் காயங்கள். 2006-இல் 4.48, 2008-இல் 5.61. அதனால்தான் இறுதி எண் 2.93-க்கு வந்தது. முழு வாழ்க்கை என்று தலைப்பிட்டால் அந்த ஆண்டுகளும் அவருடையவைதான்.

நீக்கினால் 2009-உம் போய்விடும், அதை விட எனக்கு விருப்பமில்லை. 37 வயதில், சீசன் பாதி முடிந்த பிறகு ஃபிலிஸ் அணிக்கு வந்தார். வீசியது 44.2 இன்னிங்ஸ்தான், ஈ.ஆர்.ஏ. 3.63, லீக் சராசரியைவிடக் குறைவு. அந்த செப்டம்பர் 13 அன்று, தன் பழைய அணியான மெட்ஸுக்கு எதிராக 130 பந்துகள், எட்டு இன்னிங்ஸ், ஒரு ரன்னும் இல்லை. ஃபிலிஸ் 1-0 என்று வென்றது.